காது மெஷின் வாங்குவதற்கு முன்னும் பின்னும்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் பெரியவர் ஒருவரிடம் "உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்று பதில் வரும். இதை வீம்பு என்று தள்ளிவிடக் கூடாது. அவர் சொல்வதில் பாதி உண்மை. வயதாலும் இரைச்சலாலும் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தணிந்த ஒலிப் பகுதியில் இருக்கிறது. ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை உயர்ந்த பகுதியில் இருக்கிறது. ஆகவே பேசும் சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. 'சட்டை எங்கே' என்று கேட்டால் 'கட்டை எங்கே' என்று விழும். பேரக்குழந்தைகளின் குரல் நழுவும். கோயில் மணி தெளிவாகக் கேட்கும். "வேண்டியது மட்டும் கேட்கும் காது" என்று வீட்டில் கேலி செய்வதும் இதனால்தான்.

டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போவது, போனை எப்போதும் ஒரே காதில் வைப்பது, குக்கர் விசில் தெரியாமல் போவது, நாலு பேர் சேர்ந்து பேசினால் சிரித்துத் தலையாட்டிவிட்டு எழுந்து போவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. கல்யாண வீட்டுக்குப் போக மறுப்பதும், திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் பல வேளைகளில் வயதின் குணம் அல்ல, காதின் குறை. மறதி நோய் வரும் அபாயத்தைக் குறைக்க நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. அவற்றில் காது கேளாமையும் ஒன்று.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் கருவி வாங்கியிருக்கிறார்கள். அது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. கருவியின் தரம் அதற்குக் காரணமாக இருப்பது குறைவு. வாங்குவதற்கு முந்தைய பரிசோதனையும் வாங்கியதற்குப் பிந்தைய ஒன்றரை மாதமும் சரியாக அமைந்தால், நடுத்தரமான கருவியே போதும். அவை இரண்டும் தவறினால் லட்ச ரூபாய்க் கருவியும் அலமாரிக்குத்தான் போகும்.

முதல் படி: கடைக்கு அல்ல, மருத்துவரிடம்

நேராகக் கருவி விற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் பார்க்க வேண்டும். வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்காது. செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் சீழ், சின்னஞ்சிறு எலும்புகள் இறுகிப்போவது என்று, மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ சரியாகக்கூடிய காரணங்களும் உண்டு. நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடும் வழக்கம் இன்னும் நம் பக்கம் போகவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கெடுதல். கடலோரப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கும் அடிக்கடி குளத்தில் முங்கிக் குளிப்பவர்களுக்கும் காதுத் தொல்லை வரக்கூடும் என்பதால், அவர்கள் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் காதில் ஊற்றாமல் இருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நன்றாக இருந்த காது திடீரென்று, ஒரே நாளிலோ மூன்று நாட்களுக்குள்ளோ கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. 'சளி அடைத்திருக்கும், தானே சரியாகும்' என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். ஒரு காது மட்டும் மந்தமானாலும், மந்தம் தலைசுற்றல், சீழ், வலி ஆகியவற்றோடு வந்தாலும் முதலில் மருத்துவர்தான்.

இரண்டாம் படி: ஆடியோகிராம்

ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கவோ பட்டனை அழுத்தவோ சொல்வார்கள். வலியே இல்லாத பரிசோதனை. தாளில் வரும் வரைபடம்தான் ஆடியோகிராம். அதில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாகத் தணிந்த ஒலியிலிருந்து (250 ஹெர்ட்ஸ்) உயர்ந்த ஒலி வரை (8000 ஹெர்ட்ஸ்). குறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு மந்தம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கில் 20 முதல் 35 டெசிபல் (ஒலி அளவின் அலகு) வரை லேசானது, 35 முதல் 50 வரை மிதமானது, 50 முதல் 65 வரை சற்றுக் கடுமையானது, 65 முதல் 80 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது.

"காது அறுபது சதவீதம் போய்விட்டது" என்று சிலர் சொல்வதுண்டு. டெசிபல் சதவீதம் அல்ல. ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல். ஆகவே 60 டெசிபல் இழப்பு உள்ளவருக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும்.

'பீப்' பரிசோதனையோடு சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லவைக்கும் பேச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். விளவங்கோடு பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியலை வைத்துச் சோதித்தால், மொழி புரியாததும் காது கேட்காததும் ஒன்றாகக் கலந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு. வாசலில் பஸ் ஹாரன் அடிக்கும் கடையின் மூலையில் எடுத்த ஆடியோகிராமை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அது உங்களுடையது.

மூன்றாம் படி: எங்கே கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு தாளில், எந்த இடங்களில் கேட்காமல் தவிக்கிறீர்கள் என்று மூன்று நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள். வளைகுடாவில் இருக்கும் மகனின் போன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். தோவாளைச் சந்தையில் ஏலம் சொல்லும் விலை. அடுக்களையிலிருந்து மருமகள் கூப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய வசதி வேறு. போன்தான் முக்கியம் என்றால் புளூடூத் இணைப்புள்ள கருவி. சந்தை இரைச்சல்தான் சிக்கல் என்றால் முன்னால் நிற்பவரின் குரலைக் கூடுதலாகப் பிடிக்கும் திசை அறியும் மைக். வீட்டுக்குள் இரண்டு பேரோடு மட்டும் பேச வேண்டும் என்றால் எளிய கருவியே போதும். தாள் இல்லாமல் போனால், கேட்கும் இடங்களைப் பற்றிப் பேசாமல் 'எத்தனை சேனல்' (கருவி ஒலியைப் பிரித்துச் சரிசெய்யும் பகுதிகள்) என்ற விலைப் பேச்சில் மாட்டிக்கொள்வீர்கள்.

முந்திரி ஆலையிலோ கல் குவாரியிலோ வள்ளத்தின் என்ஜின் பக்கத்திலோ வேலை பார்ப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கருவி காதுக்குக் காவல் அல்ல. அந்த இரைச்சலில் கருவியைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போட வேண்டும். இல்லாவிட்டால் மீதமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும்; உள்காதின் மயிர்செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

நான்காம் படி: எந்த வகை

காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, பின்னால் சிறு பெட்டியும் காதுக்குள் மெல்லிய கம்பியோடு ஸ்பீக்கரும் உள்ள வகை, காதுக்குள்ளேயே மறையும் வகை, சட்டைப் பையில் வைத்து வயரால் இணைக்கும் பழைய வகை. இவைதான் பொதுவாகக் கிடைப்பவை.

வெளியே தெரியக் கூடாது என்று காதுக்குள் மறைவதையே பலரும் கேட்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பேட்டரி பயறு அளவு இருக்கும், விரல் நடுங்கினால் மாற்ற முடியாது. காது அழுக்கும் வியர்வையும் நேராக அதற்குள் போகும். உங்கள் காதுக்கு அளவெடுத்து அச்சில் செய்த செருகு, அதாவது மோல்டோடு காதுக்குப் பின்னால் உட்காரும் வகை நம் ஊர் ஈரக்காற்றுக்கும் விரல்களுக்கும் ஒத்துவருவது. வெள்ளை முடிக்குப் பின்னால் அது அத்தனை தெரிவதும் இல்லை. கண்ணாடிக்கு யாரும் வெட்கப்படுவதில்லையே.

இரண்டு காதும் மந்தமென்றால் இரண்டுக்கும் வாங்குவதே நல்லது. எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. மார்த்தாண்டம் சாலையைக் கடப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எந்தக் காதுக்கு அதிகப் பலன் என்பதை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) சொல்வார்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களைத் தாண்டிப் போகும். கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் 'ஒலிபெருக்கி' சாதனங்கள் காதுக் கருவி அல்ல. உங்கள் ஆடியோகிராமைப் பார்க்காமல் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்றுபவை அவை. மின்விசிறியும் சேர்ந்து அலறும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா? வாங்குவதற்கு முன் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவார்களா? பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் ட்யூனிங் செய்வார்களா, அதற்குத் தனிக் கட்டணமா? பழுதானால் நாகர்கோவிலிலேயே சரிசெய்வார்களா, வெளியூர் அனுப்பினால் அதுவரைக்கும் மாற்றுக் கருவி உண்டா? எனக்குத் தெரிந்த ஒருவரின் கருவி மழைக்காலம் முழுவதும் ஏதோ ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் இருந்தது. அவர் அந்த மாதங்களில் மறுபடி பேசுவதையே குறைத்துக்கொண்டார். கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: அரசு உதவி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி இரு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது மந்தமானவர்', 70க்கு மேல் இருந்தால் 'காது கேளாதவர்'. மருத்துவக் குழு சதவீதம் குறித்துச் சான்று தரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல திட்டங்களுக்கு வழி திறக்கும். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் உதவி கிடைக்கும். ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம், வருமானச் சான்று, ஆடியோகிராம் ஆகியவற்றோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் காதொலிக் கருவிக்கான விண்ணப்பம் தருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் 'அடிப்' திட்டமும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான 'வயோஸ்ரீ' திட்டமும் உண்டு. 'அடிப்'பில் ஒருமுறை வாங்கினால் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி கேட்க முடியாது. இலவசமாகக் கிடைத்த கருவியையும் உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்; முகாமில் பையில் போட்டுக் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டால் பலன் குறைவு.

குழந்தைகள் விஷயம் வேறு. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்ற ஒழுங்கு. பேசாத குழந்தையை 'அப்பா மாதிரி தாமதமாகப் பேசுவான்' என்று காத்திருக்க வைக்காதீர்கள். கருவி உதவாத அளவுக்கு மந்தமுள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் மின்னணுக் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

ஆறாம் படி: முதல் ஆறு வாரங்கள்

இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. ஆண்டுக்கணக்கில் அமைதியில் இருந்த மூளைக்கு ஒரே நாளில் ஊர்ச் சத்தம் முழுவதும் போகிறது. தேங்காய் துருவும் சத்தம் எரிச்சலூட்டும். மின்விசிறி காற்றாடி ஆலை போலக் கேட்கும். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். முதல் வாரமே கழற்றி வைப்பவர்கள் இதனால்தான் கழற்றுகிறார்கள். மூளை தேவையற்ற ஒலிகளை ஒதுக்கப் பழகிக்கொள்ளும், ஆனால் கருவி காதில் இருந்தால்தான் பழகும்.

முதல் சில நாட்கள் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். நாளிதழை உரக்க வாசியுங்கள். உங்கள் குரலோடு நீங்கள் சமாதானம் ஆவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாம் வாரம் முற்றம், பக்கத்து வீடு, கடைக்குப் போய் வருவது. பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் இடம். பஸ், கல்யாண மண்டபம், ஒலிபெருக்கி வைத்த திருவிழா எல்லாம் கடைசியில். மூன்றாம் நாளே கொட்டாரத்துக் கல்யாணத்தில் போட்டுப் போனால் வெறுத்துப்போவீர்கள். வாணவேடிக்கை நேரத்தில் கழற்றிவிடுவதில் தவறில்லை.

எது கூர்மையாக இருந்தது, எது கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு இரண்டு வாரத்தில் ஆடியாலஜிஸ்டிடம் திரும்பிப் போங்கள். 'பாத்திரச் சத்தம் குத்துகிறது', 'பேத்தியின் குரல் இன்னும் பிடிபடவில்லை' என்று தெளிவாகச் சொன்னால் கணினியில் இணைத்துத் திருத்துவார். 'சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 'உய்ய்' என்ற விசில் வந்தால் மோல்டு தளர்வாக இருக்கலாம், அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கத்திப் பேசாதீர்கள், கத்தினால் சொல் சிதையும். முதலில் பெயரோ உறவோ சொல்லி அழைத்து, முகத்தைக் காட்டி, பிறகு பேசுங்கள். "பாட்டா, நாளைக்குத் தக்கலைக்குப் போகிறோம்" என்று அவர் முன்னால் வந்து நிதானமாகச் சொன்னால் போதும். அடுக்களையிலிருந்து கூவிவிட்டு "மெஷின் போட்டும் கேட்கவில்லையே" என்று சொன்னால் அன்றே கருவி பெட்டிக்குள் போகும். வாய் அசைவும் அவருக்கு உதவி என்பதால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு நில்லுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்டால் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

ஏழாம் படி: எண்ணெய், வியர்வை, உப்புக் காற்று

இரண்டு பருவமழைக்கும் இடம் கொடுக்கும் நம் மாவட்டத்தில் ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அதன் மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். வெயிலில் காயவைப்பதும் முடி உலர்த்தும் கருவியால் ஊதுவதும் கூடாது.

தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கம்தான் நம் ஊரில் கருவிக்குப் பெரிய பகை. மைக் துளையில் எண்ணெய் படிந்தால் ஒலி மங்கும். எண்ணெய் தேய்ப்பது, குளிப்பது, தலை துவட்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான் கருவி. பவுடரும் தலைச்சாயமும் அப்படித்தான். மோல்டைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கருவியைத் தண்ணீர் படாமல் காய்ந்த துணியால் துடையுங்கள். மழையில் குடை போதாது. கழற்றிச் சட்டைப் பையில் டப்பாவோடு வையுங்கள். கடலுக்குப் போகும்போதும் கரையில் வைத்துவிட்டுப் போவது மேல்.

பேட்டரிகளுக்கு நிறம்தான் அடையாளம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்யும். உரித்த பிறகு தாளைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். குழந்தை இதை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக மருத்துவமனை, உணவுக்குழாயை அரித்துவிடும். நாய்களும் கருவியைக் கடிக்கும். கருவியின் மனித வாடை அவற்றுக்குப் பிடிக்குமோ என்னவோ.

ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஆடியோகிராம் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிட்டுக் கருவியைத் திருத்தச் சொல்லுங்கள். மோல்டின் குழாய் மஞ்சளாகி விறைத்தால் மாற்ற வேண்டும். காதின் வடிவமும் மாறுவதால் மோல்டையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்க வேண்டிவரும். கருவி ஏறத்தாழ ஐந்து ஆண்டு உழைக்கும். புதிதாக வாங்கப் போகும்போது மூன்றாம் படியில் எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இப்போது கேட்க வேண்டிய இடங்கள் மாறியிருக்கும்.